நைட் ஷிப்டின் கோல்கீப்பர்

ஜூன் 16, ஞாயிறு

மங்கம்மா அக்கா இன்றும் என்னிடம் கன்னடம் பேசவில்லை. காலையில் இட்லி வைக்கும்போது பாடப்புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்து வாக்கியத்தை அப்படியே சொன்னேன் - எனக்கு இன்னும் கொஞ்சம் சட்னி வேண்டும். சுத்தமான கன்னடத்தில். சட்னி வந்தது. கூடவே, "தொண்ட சரியில்லியா தம்பி, சுக்கு தட்டிப் போட்டுத் தரவா" என்ற கேள்வியும் வந்தது.

யாரைக் குறை சொல்வது? முதுகலைத் தமிழுக்கு இன்னொரு திராவிட மொழியும் வேண்டும் என்று எங்கள் பல்கலைக்கழகத்தில் விதி. நான் கன்னடம் எடுத்தேன். ஆறு மாதம் கர்நாடகத்தில் தங்க வேண்டும், மக்களோடு பழக வேண்டும், நவம்பர் கடைசியில் வாய்மொழித் தேர்வு. தேறாவிட்டால் பட்டம் கிடையாது. மலேசியாவுக்கு, சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பி அப்பாவின் டயர் கடையில் நிற்க வேண்டியதுதான். வரைபடத்தைப் பார்த்தேன். கர்நாடக எல்லைக்குள் கோலார் தங்கவயல் இருந்தது. பெங்களூரில் வாரம் இரண்டு நாள் வகுப்பு, ரயிலில் போய்வரலாம், வாடகையும் குறைவு. ஸ்கெலட்டன் என்ற பகுதியில், மங்கம்மா அக்கா வீட்டின் இந்தப் பின்கட்டு அறையைப் பிடித்தேன்.

வகுப்பில் பேராசிரியர் மமதா என் முகவரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இவ்வளவு பெரிய கர்நாடகத்தில் தேடித் தேடித் தமிழ் பேசும் ஊரில் போய் உட்கார்ந்திருக்கிறாயே என்றார். தமிழ் முதுகலை மாணவனுக்கு இது தெரியவில்லை. வேறு ஊருக்கு மாறலாம் என்றால் வெளிநாட்டவர் பதிவில் முகவரியை மாற்ற வேண்டும். இந்த முகவரியைப் பதியவே ஏழு நடை நடந்தேன்.

ஜூன் 19, புதன்

மார்க்கெட்டில் கத்தரிக்காய் விலையைக் கன்னடத்தில் கேட்டேன். குடியாத்தம் பக்கமா என்று தமிழில் கேட்டார் கடைக்காரர். கொள்ளுத்தாத்தா அந்தப் பக்கம்தான் என்றதும் கால் கிலோ கூடுதலாகப் போட்டார். கத்தரிக்காய் எனக்குப் பிடிக்காது.

ஜூன் 23, ஞாயிறு

அக்காவிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் பால்காரரிடம் தெலுங்கு பேசுகிறார். பேங்க் அம்மாவிடம் தண்ணீர் பட்ட பாடாகக் கன்னடம் பேசுகிறார். என்னிடம் மட்டும் ஏன் இல்லை?

"அவங்கவங்ககிட்ட அவங்கவங்க பாஷ பேசணும், அதான் மரியாத. நம்மாளுகிட்ட போயி வேத்துப் பாஷ பேசினா சண்டன்னு அர்த்தம்."

எதிர்வீட்டைக் காட்டினார். அங்கே அண்ணன் தம்பி இருவர். பாகப்பிரிவினையில் மனத்தாங்கல் வந்து, பதினைந்து வருடமாக ஒருவரோடு ஒருவர் கன்னடத்தில்தான் பேசிக்கொள்கிறார்களாம். அப்படியானால் நானும் உங்களோடு சண்டை போடட்டுமா என்றேன். சிரித்துக்கொண்டே இன்னொரு தோசை வார்த்தார். நான் உருப்படப் போவதில்லை.

ஜூலை 4, வியாழன்

வகுப்பு நாட்களில் காலை ரயிலில் எதிரில் உட்காருபவர் பெயர் தசரதன். பெங்களூரில் லிப்ட் மெக்கானிக். நாற்பத்தைந்து வயது இருக்கும். என் கதையைக் கேட்டுவிட்டு, கன்னடம் வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி கிரவுண்டுக்கு வா என்றார். அங்கே எல்லாரும் தமிழர்தானே என்றேன். ஆமாம், ஆனால் அம்பயர் தமிழர் இல்லை என்றார்.

விஷயம் இதுதான். இங்கே மூன்று டீம் - பர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட், நைட் ஷிப்ட். அப்பாவோ தாத்தாவோ சுரங்கத்தில் எந்த ஷிப்டில் இறங்கினாரோ, பிள்ளைக்கு அந்த டீம். சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஷிப்டை யாரும் மூடவில்லை. ஊரில் பிறந்தவன் எவனும் ஏதாவது ஒரு ஷிப்டுக்காரன் என்பதால் உள்ளூர் அம்பயரை யாரும் நம்புவதில்லை. முல்பாகலிலிருந்து விநாயக் என்ற பி.டி. மாஸ்டரைக் கூட்டி வருகிறார்கள். அவருக்குத் தமிழ் வராது. ஆகவே ஊரில் நடக்கும் அத்தனை ஹாக்கிச் சண்டையும் கன்னடத்தில்தான்.

மலேசியாக்காரன் என்றதும் எனக்கு ஹாக்கி நன்றாக வரும் என்று தசரதன் அண்ணன் முடிவுகட்டிவிட்டார். நான் மட்டையைத் தொட்டதே இல்லை. மறுத்துச் சொல்லவும் இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதாவிட்டால் நாளை நானே நம்பமாட்டேன்.

நைட் ஷிப்டுக்கு கோல்கீப்பர் இல்லை. என்னைச் சேர்க்க வேண்டும் என்றால் நான் எந்த ஷிப்ட் என்று முடிவாக வேண்டும். மைதானத்து வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். மூன்று டீமுக்கும் பொதுவான ஷிப்ட் நோட்டு ஏசுபாதம் சாரிடம் இருக்கிறது. சுரங்கத்தில் கேஜ் இறக்கி ஏற்றும் இன்ஜினை முப்பது வருடம் ஓட்டியவர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உங்கள் வகையில் யார் சுரங்கத்தில் இறங்கியது என்று கேட்டார். யாரும் இல்லை, கொள்ளுத்தாத்தா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார் என்றேன். எத்தனை மணிக்கு வேலைக்குப் போவார்? விடியற்காலை ஐந்து மணிக்கு என்றேன்.

பர்ஸ்ட் ஷிப்ட் கேப்டன் தங்கவேலு உடனே எழுந்தார். ஐந்து மணி என்றால் பர்ஸ்ட் ஷிப்ட், ஆள் எங்களுக்கு என்றார். அவர்களிடம் ஏற்கெனவே இரண்டு கோல்கீப்பர்கள். எனக்காக அல்ல, நைட் ஷிப்டுக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காக.

ஏசுபாதம் சார் கையை உயர்த்தினார். "அந்த ஊரு அஞ்சு மணின்னா நம்ம ஊருக்கு இன்னா மணி?"

போனில் பார்த்தார்கள். இரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே ஐந்து என்றால் இங்கே இரண்டரை, நடு ராத்திரி. தங்கவேலு விடவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் மலாயாவின் நேரமே வேறு என்று அவரும் போனில் எதையோ கண்டுபிடித்தார். எப்படிக் கழித்துப் பார்த்தாலும் மூன்று மணிதான் வந்தது. "மூணு மணிக்கு எந்த ஷிப்டுக்காரன் பூமிக்கு அடியில இருப்பான்?" என்று ஏசுபாதம் சார் கேட்டதும் தங்கவேலு உட்கார்ந்துவிட்டார்.

நோட்டில் எழுதினார்கள்: நெடுஞ்செழியன், மலேசியா, நைட் ஷிப்ட். சிரிப்பு வரவில்லை எனக்கு. கண் கலங்கியது. இதற்கு எதற்குக் கண் கலங்க வேண்டும்?

ஜூலை 21, ஞாயிறு

கோல்கீப்பர் காலிலும் மார்பிலும் கட்டிக்கொள்ளும் காப்புகள் பழையவை. முன்பு நூற்றுப் பத்து கிலோ ஆள் ஒருவர் கட்டியது. உள்ளே என்னைப் போல் இரண்டு பேர் இருந்தால் சரியாக இருக்கும். பழைய வேட்டியைக் கிழித்து உள்ளே திணித்துக் கட்டினார்கள். பதினோரு கோல் விட்டேன். பயிற்சி ஆட்டத்தில்.

நான் ஹாக்கி ஆடியதில்லை என்று உண்மையைச் சொன்னேன். தெரியும், நீ மட்டையைப் பிடித்தபோதே தெரிந்தது என்றார் தசரதன் அண்ணன். நோட்டில் எழுதியாகிவிட்டது, இனி மாற்ற முடியாதாம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எனக்குத் தனி வேலை கொடுத்திருக்கிறார்கள். கன்னடம் படிக்கிறவன் என்பதால் அம்பயரோடு வாதாட வேண்டியவன் நான்தான். தசரதன் அண்ணன் மூன்று வாக்கியம் மனப்பாடம் பண்ண வைத்தார். அது கோல் அல்ல. பந்து அவன் காலில் பட்டது. நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இதற்கு மேல் அவசியமில்லை, மற்றதைக் கையை ஆட்டிச் சமாளிக்கலாம் என்றார்.

விநாயக் மாஸ்டர் பதில் சொல்வதில்லை. விசிலை ஊதுகிறார். கன்னடத்தில் எனக்கு இதுவரை கிடைத்த உரையாடல் அதுதான்.

செப்டம்பர் 5, வியாழன்

வகுப்பில் இடைத்தேர்வு. நூற்றுக்கு இருபத்தேழு. உன் குடும்பத்தைப் பற்றிப் பேசு என்றார் பேராசிரியர். என் அப்பா கோல் அல்ல என்றேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

செகண்ட் ஷிப்டை ஜெயித்தோம். நான் இரண்டு பந்தைத் தடுத்தேன், ஒன்றைத் தெரிந்தே தடுத்தேன். மங்கம்மா அக்கா கோழி அடித்தார். அவர் புருஷன் நைட் ஷிப்ட். நைட் ஷிப்ட் கோப்பையை எடுத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறதாம். அவர் கடைசியாக ஆடிய வருடம் எடுத்ததுதான். அக்காவின் வீட்டில் அவர் கோப்பையோடு நிற்கும் படம் மாட்டியிருக்கிறது. மூன்று மாதமாக அதன் அடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், இன்றுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மட்டைகளோடு என் காப்புகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். புத்த விகாரைக்குப் போகும் தசரதன் அண்ணனும் வந்து நின்றார். சாமிக்கு இல்லை, காப்புக்குக் கும்பிடுகிறேன் என்றார். ஞாயிறு பைனல். பர்ஸ்ட் ஷிப்டோடு.

அக்டோபர் 13, ஞாயிறு

தோற்றுவிட்டோம். நான்தான் காரணம். கோல் விட்டதால் அல்ல. அதை மன்னித்திருப்பார்கள்.

ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடம். தங்கவேலு அடித்த பந்து உருண்டு வந்தது, நான் விழுந்தேன், காப்புக்கு அடியில் போய்விட்டது. அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். பந்து எங்கே இருக்கிறது என்று அந்த மைதானத்தில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். கோட்டுக்குப் பின்னால், என் தொடைக்குக் கீழே.

இரண்டு பக்கமும் கத்தல். விநாயக் மாஸ்டர் ஓடி வந்தார். விசிலை வாயிலிருந்து எடுத்தார். குனிந்து, என் முகத்தைப் பார்த்து, மெதுவாக, பதவிசாகக் கேட்டார்: "நீவே ஹேளி. பால் கெரெ தாட்டிதா?" நீங்களே சொல்லுங்கள், பந்து கோட்டைத் தாண்டியதா?

ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஒன்றுகூட நழுவவில்லை. நான்கு மாதமாக வகுப்புக்கு வெளியே இந்த மாநிலத்தில் ஒரு மனிதர் என்னிடம் கன்னடத்தில் ஒரு கேள்வி கேட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கமாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தேனே, அவர் காத்திருந்தார்.

"ஹௌது சார். தாட்டிது" என்றேன். அதோடு நின்றிருக்கலாம். சாணுக்குக் கன்னடத்தில் என்ன சொல் என்று போன வாரம்தான் படித்திருந்தேன். ஒரு சாண் தாண்டியது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

விசில். கோல். முடிந்தது.

மூன்று வாக்கியம் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேனே, முதல் வாக்கியமே போதுமே. நான் உண்மை பேசினேனா, கன்னடம் பேசினேனா? உண்மைக்காகச் சொன்னேன் என்றால் நெஞ்சை நிமிர்த்தலாம். எனக்கே நிச்சயமில்லை. சொல்லி முடித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் - வினைமுற்று சரியாக வந்துவிட்டது என்று. சே.

அக்டோபர் 14, திங்கள்

காலையில் மங்கம்மா அக்கா கதவைத் தட்டி, "பிசி நீரு இதெ. ஸ்னான மாடி" என்றார். வெந்நீர் இருக்கிறது, குளியுங்கள். குளியுங்கள்!

ரயிலில் தசரதன் அண்ணன் எதிரில்தான் உட்கார்ந்தார். "ஸ்வல்ப ஜாக பிடி" என்றார். கொஞ்சம் இடம் விடுங்கள். அவ்வளவுதான், பெங்களூர் வரை.

அக்டோபர் 20, ஞாயிறு

தெரு முழுக்கக் கன்னடம். நைட் ஷிப்ட் வீடுகள் அத்தனையும். ஏசுபாதம் சார் வானிலை பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார், இலக்கணப் பிழை இல்லாமல். டீக்கடையில் சர்க்கரை போடவா என்பதுகூடக் கன்னடம். யாரும் திட்டவில்லை. எல்லாரும் பன்மையில் மரியாதையாகப் பேசுகிறார்கள். திட்டினால் தேவலை.

ஒரு விஷயம் எழுதவே கூசுகிறது. இந்த ஒரு வாரத்தில் நான்கு மாதத்தில் கற்றதைவிட அதிகம் கற்றுவிட்டேன்.

அக்டோபர் 24, வியாழன்

வகுப்புத் தேர்வு. அறுபத்தொன்று. பேராசிரியர் மமதா, கடைசியில் முகவரியை மாற்றிவிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். கன்னடத்தில், நீளமாக.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மங்கம்மா அக்கா முறுக்குத் தட்டைக் கன்னட வாழ்த்தோடு நீட்டினார். முறுக்கு நன்றாகத்தான் இருந்தது. அறைக்குள் வந்து அழுதேன். ஊரில் இருந்திருந்தால் அம்மா, ஏண்டா எண்ணெய் தேய்க்கலையா என்று மண்டையில் ஒன்று போட்டிருப்பாள்.

நவம்பர் 2, சனி

ஆபத்து. அவர்களுக்கு மனசு இளகுகிறது.

வாசலில் தசரதன் அண்ணன் நின்றார். கையில் பெண்டாட்டி கொடுத்தனுப்பிய அதிரசம். வாயைத் திறந்து "இன்னா..." என்றவர் சட்டென்று நிறுத்தி, கன்னடத்துக்கு மாறி, அதிரசத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஒரு "இன்னா"வில் எனக்கு வயிறு குளிர்ந்தது. அடுத்த நொடி நாள்காட்டியைப் பார்த்தேன். தேர்வுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. இவர்கள் இப்போது சமாதானமாகிவிட்டால் என் கன்னடம் என்ன ஆவது?

நாளை பர்ஸ்ட் ஷிப்டின் வெற்றி பிரியாணி. தங்கவேலு என்னையும் அழைத்திருக்கிறார்.

நான் இப்படிப்பட்டவனா?

நவம்பர் 3, ஞாயிறு

இப்படிப்பட்டவன்தான். மைதானத்துக்கு நடுவில், ஊர் பார்க்க, இரண்டு தட்டு சாப்பிட்டேன். தங்கவேலு ஆட்கள் என் தோளில் கைபோட்டுத் தமிழில் கொஞ்சினார்கள். கோப்பையை என் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் மங்கம்மா அக்கா தண்ணீர்க் குடத்தோடு போனார். பார்த்தார். நிற்கவில்லை.

நவம்பர் 4, திங்கள்

ஏசுபாதம் சார் நோட்டில் என் பெயரை அடித்துவிட்டாராம். எதிர்வீட்டுத் தம்பி சொன்னார். அவரும் கன்னடத்தில்தான்.

நவம்பர் 10, ஞாயிறு

கன்னடத்தில் கனவு கண்டேன். யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 21, வியாழன்

வாய்மொழித் தேர்வு. நீ குடியிருக்கும் தெருவைப் பற்றிச் சொல் என்றார் பேராசிரியர் மமதா. பத்து நிமிடம்தான் கணக்கு. நான் அரைமணி நேரம் பேசினேன். வெந்நீர், ரயில், முறுக்கு, எல்லாம். இடையில் தண்ணீர் கேட்டேன், அதையும் கன்னடத்திலேயே.

எண்பத்து நான்கு. மொழி நன்றாக வந்திருக்கிறது, ஆனால் ஏன் மனஸ்தாபத்தில் இருப்பவன் போலவே பேசுகிறாய் என்று கேட்டார். எனக்கு இந்தக் கன்னடம்தான் தெரியும் மேடம் என்றேன்.

வீட்டுக்கு வந்து, "அக்கா, பாஸ் பண்ணிட்டேன்" என்று தமிழில் சொன்னேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமல், "ஸந்தோஷ" என்றார்.

நவம்பர் 22, வெள்ளி

பட்டம் உறுதியாகிவிட்டது. டயர் கடை இல்லை. வந்த வேலை முடிந்தது. ஏன் சாப்பிடப் பிடிக்கவில்லை?

நவம்பர் 24, ஞாயிறு

மைதானத்துக்குப் போய்க் காப்புகளை ஒப்படைத்தேன்.  உள்ளே திணித்திருந்த வேட்டித் துணியை எடுக்க மறந்துவிட்டேன். நாளை காலை ரயில்.

நவம்பர் 25, திங்கள், விமான நிலையம்

மாரிகுப்பத்தில் ஏறினேன். தசரதன் அண்ணன் எதிரில் வந்து உட்கார்ந்தார். எங்கே பயணம் என்று கன்னடத்தில் கேட்டார். தெரிந்துகொண்டே கேட்கிறார்.

பங்காருப்பேட்டையில் ரயில் நின்றபோது சொல்லிவிட்டேன். தமிழில்தான். அந்தப் பிரியாணியை வேண்டுமென்றேதான் சாப்பிட்டேன் அண்ணே. நீங்கள் பேச ஆரம்பித்துவிட்டால் தேர்வில் தேறமாட்டேன் என்று பயந்து சாப்பிட்டேன். உங்களைத் தொடர்ந்து கன்னடம் பேச வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

 அவர் போட்ட சத்தத்தில் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பரீட்சைக்காடா துன்ன? பரீட்சைக்கா? டேய், உங்கிட்ட அந்தப் பாஷைல பேசிட்டு ஊட்டுக்குப் போனா எனக்கு சோறு எறங்கலடா. மங்கம்மாக்கா நெதமும் எங்கிட்ட வந்து அழுவுது, தாயில்லாத ஊருல புள்ளைய இப்படிப் பேசறமேன்னு. உண்மைய சொன்னதுக்குக் கோவிச்சுகினமேன்னு நாங்க வெக்கப்பட்டுகினு கீறோம், நீ அங்க ரெண்டு தட்டு துன்னுகினு கீற."

கேட்டிருந்தால் பேசியிருப்பீர்களா என்றேன். ஜூன் மாதத்திலிருந்து ஊரெல்லாம் கேட்டேனே.

"பேசியிருக்க மாட்டோம்" என்றார். "நம்மாளுகிட்ட எப்படிடா பேசறது?"

அதோடு விடவில்லை. பிடித்த மட்டை தப்பு, விழுந்த விதம் தப்பு, சாண் கணக்கு தப்பு, அரைச் சாண்தான் இருக்கும், அளந்தியா நீ? என் வளர்ப்பு, என் படிப்பு, சுங்கை சிப்புட், ஒன்று பாக்கியில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார், குடித்துவிட்டுத் தொடர்ந்தார். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே வந்தேன். ஆறு வாரத்தில் இவ்வளவு நிம்மதியாக எங்கும் உட்கார்ந்ததில்லை.

நான் இறங்க வேண்டியது கிருஷ்ணராஜபுரம். அவருக்கு இன்னும் இரண்டு ஸ்டேஷன் போக வேண்டும், எட்டரைக்கு லிப்ட் வேலை. ஆனால் திட்டி முடியவில்லை. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரும் இறங்கி, பஸ் நிறுத்தம் வரை திட்டிக்கொண்டே வந்தார்.